யாரும் பார்க்காத டாட்ஜ் சிட்டி

"என்னடா, மழையே இல்லையே" என்றார் பெரியப்பா.

டிவியில் 'கன்ஸ்மோக்' தொடரின் டைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை. டாட்ஜ் சிட்டி என்ற ஊரின் ஆள் நடமாட்டமில்லாத தெரு. இடுப்பில் துப்பாக்கியோடு ஒரு நெடிய மனிதர், தூரத்தில் இன்னொருவர். தூரத்து ஆள்தான் முதலில் சுடுகிறார், குறி தப்புகிறது. ஒரு கணம் கழித்து நெடியவர், ஊரில் சட்டம் காக்கும் மார்ஷல் மேட் டில்லன், சுடுகிறார், அது தப்பவில்லை. பெரியப்பா இதில் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் பார்த்தது படத்தை. கீறல் விழுந்த பிரிண்ட் ஓடும்போது மேலிருந்து கீழாகக் கோடு கோடாய் இறங்குவதைத் தியேட்டரில் மழை என்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆப்பரேட்டராக இருந்தவர் அவர். டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி மாற்றுவதில் தொடங்கி, திண்டுக்கல் பக்கம் இரண்டு மூன்று தியேட்டர்களில் ரீல் ஓட்டியிருக்கிறார். மூன்றாவது சுற்று, நாலாவது சுற்று வந்த பெட்டிகளை ஒட்டுப்போட்டு ஓட்டியே பழகிய கைக்கு, 1955-ல் தொடங்கிய ஒரு தொடர் இவ்வளவு சுத்தமாக இருப்பது நம்பும்படியாக இல்லை.

கால் வீக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். அந்த மாதம் முழுக்க ராத்திரி எட்டரைக்கு மேல் நாங்கள் இருவரும் அமெரிக்க டிவி வெஸ்டர்ன்கள், அதாவது கௌபாய் தொடர்கள், பார்த்தோம். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. நான் இடையிடையே கதை சொல்வேன். பல நேரம் வேண்டாம் என்று கையமர்த்திவிடுவார்.

இந்தத் தொடர்கள் எனக்கு முதலில் அறிமுகமானது மிக மோசமான வடிவத்தில். சிவகாசியிலிருந்து வரும் கௌபாய் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். ஷெரீப், மார்ஷல், சலூன் என்ற சொற்களெல்லாம் அங்கிருந்துதான் எனக்குள் வந்தன. வேலைக்குப் போனதும் முதல் வேலையாக, பத்துப் பன்னிரண்டு தொடர்களை ஒரே பெட்டியில் அடைத்து விற்ற மலிவு டிவிடி ஒன்றை வாங்கினேன். முகங்கள் வெள்ளைத் திட்டு, குதிரைகள் கறுப்புத் திட்டு. 'பொனான்ஸா' போட்டால், உலகப் புகழ் பெற்ற அந்த டைட்டில் இசையே இல்லை! யாரோ கீபோர்டில் வாசித்த வேறு எதுவோ ஓடியது. பின்னாளில்தான் காரணம் புரிந்தது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். 'பொனான்ஸா'வின் தொடக்கக் காலத்து எபிசோடுகள் சிலவற்றுக்கு அது தவறிப்போனது. அதனால் யார் வேண்டுமானாலும் கையில் கிடைத்த தேய்ந்த பிரிண்ட்டிலிருந்து டிஸ்க் போட்டு விற்கலாம் என்றானது. ஆனால் இசையின் உரிமை தனி, அது உயிரோடு இருந்தது. எனவே இசையை உருவிவிட்டு விற்றார்கள். ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் போட்ட அந்தக் குதிரைப் பாய்ச்சல் இல்லாமல் டைட்டிலில் எரியும் வரைபடத்தைப் பார்ப்பது, நாதஸ்வரம் இல்லாமல் தாலி கட்டுவதைப் பார்ப்பது போல.

'இவ்வளவுதானா, சும்மா அவசரத்துக்குச் சுட்டுத் தள்ளிய சரக்கு' என்று அன்று முடிவு கட்டினேன். என்னைப் போல முடிவு கட்டியவர்கள் ஏராளம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை சினிமாவுக்குப் பயன்படுத்திய அதே 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. கேமராவுக்குள் போன வெளிச்சம், சினிமாக் கேமராவுக்குள் போன அதே தரத்து வெளிச்சம். கெட்டது அதற்குப் பிறகு. ஒளிபரப்பில் அது 525 கோடுகளாகச் சுருங்கியது. அதிலும் திரையில் தெரிவது 480-க்குக் கொஞ்சம் மேலே. பிறகு ஆன்டெனா, காற்று, சின்னத் திரையின் வளைந்த கண்ணாடி. மறு ஒளிபரப்புக்கு உள்ளூர் நிலையங்களுக்குப் போனவை 16 எம்எம் பிரிண்ட்டுகள். ஒரு ஊரில் ஓட்டி அடுத்த ஊருக்கு அனுப்பி, அங்கே ஓட்டி அதற்கடுத்த ஊருக்கு. எங்கள் ஊர்ப் படப்பெட்டியின் கதைதான். பெரியப்பாவுக்கு இதை விளக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்படியானால், அன்று அமெரிக்க வீடுகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாருமே இதைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பு முடிந்த மறுநாள் ஸ்டுடியோவின் இருட்டறையில் உட்கார்ந்து ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் பார்த்தார்களே, அதற்குப் பக்கத்தில் இப்போதுதான் வீட்டுத் திரை வருகிறது. பழையதைத் திரும்பப் பார்ப்பதாக என்னால் நினைக்க முடியவில்லை. முதல்முறையாகப் பார்க்கிறோம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் வெஸ்டர்ன் எவ்வளவு ஓடியது என்பதற்கு ஒரு கணக்கு: 1958-59 சீசனில் அமெரிக்காவில் அதிகம் பார்க்கப்பட்ட பத்துத் தொடர்களில் ஏழு வெஸ்டர்ன். முதல் நான்கு இடமும் அவைதான்: 'கன்ஸ்மோக்', 'வேகன் டிரெய்ன்', 'ஹேவ் கன் – வில் டிராவல்', 'த ரைஃபிள்மேன்'. இவற்றில் 'கன்ஸ்மோக்' 20 சீசன், 635 எபிசோடு, 1975 வரை ஓடியது. முதல் 233 எபிசோடுகள் அரை மணி நேரத்தவை. என் மனம் இருப்பது அவற்றில்தான்.

அரை மணி நேரம் என்றால் அன்று விளம்பரம் போக 25, 26 நிமிஷம் கதை. பின்னாளில் விளம்பரம் கூடக்கூட நிலையங்கள் மூன்று நான்கு நிமிஷத்தை வெட்டின. எதை வெட்டுவார்கள்? சண்டையையா? துப்பாக்கி வெடிக்கும் இடம் ஒரு நொடிகூடக் குறையாது. வெட்டு விழுவது ஊர் டாக்டர் டாக் ஆடம்ஸ் மேஜையில் தாளம் போட்டபடி சும்மா உட்கார்ந்திருக்கும் இடத்தில். சலூன் மதுக்கடையின் கிட்டி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடும் இடத்தில். முதல் சீசன்களில் மேட் டில்லன் ஊர் இடுகாடான பூட் ஹில்லில் நடந்தபடி தனக்குத்தானே பேசுவார். அவர் சுட்டவர்களும் அங்கே புதைந்திருக்கிறார்கள். கதைக்கு அவசியமில்லை என்று யார் வேண்டுமானாலும் கத்தரித்துவிடக்கூடிய பகுதி அது. ஆனால் இந்தத் தொடரே அதற்காகத்தான் எடுக்கப்பட்டது என்று நான் நம்புகிறேன். அவரைத் துப்பாக்கி வீரராகக் காட்டுவதற்கு முன், செத்தவர்களின் நடுவே நிற்பவராகக் காட்டுகிறார்கள்.

முதல் எபிசோடையே பாருங்கள். 1955 செப்டம்பர் 10. வெஸ்டர்ன் சினிமா நட்சத்திரம் ஜான் வேய்ன் திரையில் தோன்றி, டில்லனாக நடிக்கும் தன் நண்பர் ஜேம்ஸ் ஆர்னெஸை அறிமுகப்படுத்திவிட்டுப் போகிறார். வேறெந்தத் தொடராக இருந்தாலும் அடுத்து நாயகன் நாலு பேரைச் சாய்ப்பான். இங்கே டேன் கிராட் என்பவன் ஊருக்குள் வருகிறான், மார்ஷலை எதிர்கொள்கிறான், சுட்டு வீழ்த்துகிறான். நாயகன் முதல் வாரமே தரையில்! படுக்கையில் கிடந்து யோசிக்கிறார் டில்லன். இவன் கை வேகம்தான், குறி கிடையாது, அதனால்தான் கிட்டே நெருங்கி வந்து சுடுகிறான் என்று கண்டுபிடிக்கிறார். அடுத்த முறை அவனை நெருங்க விடுவதில்லை. அவ்வளவுதான் கதை. தெருவின் நீளத்தை வைத்தே ஒரு கதை பண்ணிவிட்டார் எழுத்தாளர் ஜான் மெஸ்டன். அந்தத் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கதையே விளங்காது. மங்கலான பிரதியில் இருவரும் இரண்டு நிழல்கள், நடுவில் சாம்பல் நிறம். நல்ல பிரதியில் நடுவில் இருப்பது மண். வண்டிச்சக்கரத் தடம் தெரிகிறது. எத்தனை அடி எடுத்துவைத்தால் சாவு என்று எண்ண முடிகிறது.

'ரைஃபிள்மேன்' பற்றி ஒரு சின்னச் செய்தி. நாயகன் சக் கானர்ஸ் தெருவில் நடந்தபடி சரமாரியாகச் சுட்டுத்தள்ளும் அந்த டைட்டில் பலருக்கும் தெரிந்திருக்கும். விரலால் விசையை இழுக்காமல் அத்தனை வேகம் எப்படி? 1892 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கியின் லீவரில் ஒரு சிறிய திருகாணி வைத்திருக்கிறார்கள். லீவரை மூடும்போதெல்லாம் அதுவே போய் விசையைத் தட்டும். கதை நடப்பது 1880-களில், துப்பாக்கி பிறக்கவே இல்லை, அதை விடுங்கள். நல்ல பிரதியில் சரியான இடத்தில் நிறுத்திப் பார்த்தபோது அந்தத் திருகாணி இருக்கும் இடம் எனக்குப் பிடிபட்டது. கோவில் கோபுரத்தில் எத்தனையோ முறை பார்த்த சிற்பத்தில் ஒருநாள் விரல் நகம் தெரிந்தது போல இருந்தது. இந்தத் தொடரை நான் விரும்புவது துப்பாக்கிக்காக இல்லை, தாயில்லாத பையனை வளர்க்கும் தகப்பனுக்காக. மகனாக நடித்த ஜானி கிராஃபோர்டுக்கு 1958-ல் 12 வயது. 168 எபிசோடுகளில் அந்த முகம் வளர்வதை, மேலுதட்டில் நிழல் தட்டுவதை, இப்போது பார்க்க முடிகிறது.

ரிச்சர்ட் பூன் நடித்த 'ஹேவ் கன் – வில் டிராவல்' தனிக் கட்டுரைக்கு உரியது. குண்டும் குழியுமான, கல்லில் கொத்திய முகம் அவருக்கு. அந்த முகத்தைப் பற்றித்தான் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. புதுப்பிக்கிறேன் என்று சிலர் ஃபிலிமின் துகளையெல்லாம் கம்ப்யூட்டரில் தேய்த்து வழித்துவிடுகிறார்கள். கீறல் போவதோடு தோலும் போய்விடுகிறது. மெழுகு பொம்மை பேசுகிறது. துகள் அழுக்கு இல்லை, படமே அந்தத் துகளால் ஆனது. அதை எடுப்பதற்குப் பெயர் சுத்தம் செய்வதல்ல. சதுரத்துக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய பழைய 4:3 சட்டகத்தை இன்றைய அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுவதும் இதே பாவம். தொப்பியும் போகும், துப்பாக்கியும் போகும். ஐரோப்பியப் பதிப்புகளில் வேறொரு தொல்லை: நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டியதை 25 ஆக ஓட்டுகிறார்கள். 50 நிமிஷக் கதை 48-ல் முடிந்துவிடும், குரலும் ஒரு சிட்டிகை மேலே ஏறும். மேட் டில்லனின் அடித்தொண்டைக் குரலுக்கு அந்தச் சிட்டிகையே அதிகம்.

வாங்க நினைப்பவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்று. நல்ல பதிப்புகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கானவை. டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா 5. ப்ளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் பெட்டியை வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நான் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது பெரியப்பாவை அசத்திய டிஸ்க்குக்கு வருகிறேன். 'ஷையென்'. வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ 1955-ல் ஏபிசி தொலைக்காட்சிக்காகத் தொடங்கிய ஒரு மணி நேர வெஸ்டர்ன். நாயகன் கிளின்ட் வாக்கர், கதவை அடைத்து நிற்கும் உருவம். கேமரா நெகட்டிவையே 4கே-யில் ஸ்கேன் செய்து ப்ளூரே கொண்டுவந்திருக்கிறார்கள். பெரியப்பா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் அவர் பார்வை திரையின் வலது மேல் மூலைக்குப் போவதைக் கவனித்தேன். ரீல் முடியப்போகிறது என்று சொல்ல அங்கே ஒரு புள்ளி வரும், இரண்டாவது புள்ளிக்கு அடுத்த மிஷினுக்கு மாற்ற வேண்டும். அவர் வலது கை தொடையின் மேல் லேசாக எழும்பி நின்றது. புள்ளி வரவில்லை.

"பிரிண்ட் இல்லடா இது. நெகட்டிவ்லேருந்து எடுத்திருக்கான்."

நான் பெட்டியைத் திருப்பிப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்தே சொல்லிவிட்டார். அடுத்து இன்னொன்றும் சொன்னார். ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி எழுவதற்குச் சற்று முன்பு படம் திடீரென்று கொஞ்சம் கரகரப்பாகிறது. கரைவது முடிந்து புதுக் காட்சிக்கு வெட்டு விழுந்ததும் மறுபடி தெளிகிறது. "அந்தத் துண்டு மட்டும் லேப்ல மறுபடி எடுத்தது." உண்மைதான். இரண்டு காட்சியைக் கரைத்துக் கலக்க வேண்டுமானால் அந்தத் துண்டை இன்னொரு ஃபிலிமில் படியெடுத்தாக வேண்டும், ஒரு தலைமுறை இறங்கும். முன்பு எல்லாமே மங்கலாக இருந்ததால் இந்த இறக்கம் தெரியவில்லை.

வார்னர் வேறொரு வேலையும் செய்தது. தன் பழைய சினிமாக்களிலிருந்து மந்தை ஓட்டம், குதிரைப்படைத் தாக்குதல் எல்லாவற்றையும் எடுத்து டிவி எபிசோடுக்குள் ஒட்டியது. ஒட்டியதற்குப் பொருந்தும்படி நாயகனுக்குச் சட்டை மாட்டியது. 1960-ல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பழைய திரைக்கதைகளையே பெயர், ஊர் மாற்றிப் படமெடுத்து, எழுதியவர் 'டபிள்யூ. எர்மானோஸ்' என்று டைட்டிலில் போட்டது. எர்மானோஸ் என்றால் ஸ்பானிஷில் சகோதரர்கள். வார்னர் சகோதரர்கள்! இதையெல்லாம் சிக்கனம் என்பதா, ஏமாற்று என்பதா? எனக்கு அதில் கோபமில்லை. வாரம் ஒரு மணி நேரம் நிரப்ப வேண்டிய மனிதர்களின் திண்டாட்டம் அது. ஒட்டுப் போட்ட இடத்தில் துகள் மாறுவதைப் பார்க்கும்போது அந்தத் திண்டாட்டத்தின் மேல் ஒரு பிரியம்தான் வருகிறது.

'பொனான்ஸா'வை நல்ல பதிப்பில் பார்த்தபோது இசை இருந்தது, நிறமும் இருந்தது. 1959-ல் தொடங்கிய நாள் முதலே அது கலர். ஒளிபரப்பிய என்பிசி, ஆர்சிஏ நிறுவனத்தின் கையில் இருந்தது. ஆர்சிஏ கலர் டிவி விற்றது. கலரில் பார்க்க ஏதாவது இருந்தால்தானே பெட்டி விற்கும்? அப்படிப் பிறந்த நிறம், மலிவுப் பிரதிகளில் கருஞ்சிவப்பாக வெளுத்துக் கிடந்தது. இப்போது நாயகர்களில் ஒருவனான லிட்டில் ஜோவின் பச்சை ஜாக்கெட் பச்சையாக இருக்கிறது, தாஹோ ஏரி நீலமாக இருக்கிறது. எரியும் வரைபடத்தில் கார்சன் சிட்டி, ரீனோ என்று படிக்க முடிகிறது.

தெளிவு வந்தால் தெரியக் கூடாதவையும் தெரியும். அமெரிக்கப் பூர்வகுடி மனிதராக வெள்ளைக்கார நடிகர் வருகிறார் என்றால், பூசிய பழுப்புச் சாயம் எங்கே முடிகிறது என்று காட்டிவிடுகிறது நல்ல பிரதி. பல எபிசோடுகளில் எனக்கு மனம் கசந்தது. 'லோன் ரேஞ்சர்' தொடரில் நாயகனின் பூர்வகுடித் தோழன் டான்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ் கனடாவின் மோஹாக் இனத்தவர். அவருக்குக் கொடுத்த உடைந்த ஆங்கில வசனத்தைத் தாண்டி, அந்த முகத்தில் இருந்த கம்பீரத்தை இப்போது முழுசாகப் பார்க்கிறோம். அவருக்கு எழுதித் தந்தது போதவே போதாது என்பதும் அப்போது உறைக்கிறது.

பெரியப்பா ஊருக்குப் போவதற்கு முந்தைய ராத்திரி மறுபடி 'கன்ஸ்மோக்' கேட்டார். எந்த எபிசோடு என்றெல்லாம் அவருக்கு இல்லை, ஏதாவது ஒன்று. தெருவில் மேட் டில்லனும் அவருடைய உதவியாள் செஸ்டரும் நடந்து வருகிறார்கள். செஸ்டருக்கு ஒரு கால் மடங்காது, விறைப்பாக இழுத்து இழுத்து நடப்பார். பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை.

"அந்த ஒசரமானவருக்குக் கால்ல என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "வலது காலு. ஊனறப்ப யோசிச்சு ஊனுறாரு பாரு."

நிறுத்திவிட்டுச் சொன்னேன். 1944-ல் இத்தாலியில் ஆன்ஸியோ கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கியபோது ஜேம்ஸ் ஆர்னெஸ் அதில் ஒரு சிப்பாய். ஆறடி ஏழங்குல உயரம் என்பதால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க அவரைத்தான் படகிலிருந்து முதலில் இறக்கினார்களாம். அந்தப் போர்முனையில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டு வலது காலைச் சிதைத்தது. வாழ்நாள் முழுக்க அந்த வலி இருந்தது. அந்தக் காலோடுதான் 20 வருஷம் குதிரை ஏறினார், நடந்தார். வெளியே தெரியாமல் நடந்தார்.

"அப்ப இவரு?" செஸ்டரைக் காட்டினார்.

டென்னிஸ் வீவர். நல்ல ஓட்டக்காரர், தாண்டுபவர். 1948 ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியைத் தேர்ந்தெடுத்த போட்டியில், பத்துப் பந்தயங்கள் கொண்ட டெக்கத்லானில் ஆறாவதாக வந்தவர். காலில் ஒரு குறையும் கிடையாது. பாத்திரத்துக்காக அவராகவே வைத்துக்கொண்ட நடை.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கேட்டு வாங்கினார். எந்தப் பொத்தான் என்று காட்டினேன். அந்த இடத்துக்குத் திரும்பப் போய் மறுபடி ஓட்டினார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார். இருவரும் மரப்பலகை நடைபாதையிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து வருகிறார்கள், ஒருவர் மறைத்துக்கொண்டு, ஒருவர் காட்டிக்கொண்டு. மூன்றாம் முறை ஓட்டும்போது வீங்கிய தன் காலை மெதுவாக ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே.